இறங்கக் கல் தேடும் சைக்கிள்

மாகாளியம்மன் துணை

எலப்புள்ளி,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

மூணாறு மலையில் சித்திரபுரத்தில் மின்சார போர்டு ஓவர்சியராக இருந்து ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த தம்பி சென்னியப்பனுக்கு, அக்கா மயிலாத்தாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் மச்சானும், கல்யாணப் பெண் வள்ளியும், பேரன் பேத்திகளும், கறவை மாடுகளும் சுகம். உன் மச்சானுடைய வலது கால் மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உன் சுகமும், சுருளியம்மாள் சுகமும், குழந்தைகள் சுகமும், உன் ரத்தக் கொதிப்பின் சுகமும் அறிய ஆசை. ரத்தக் கொதிப்பைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். உன் கடிதத்தைப் பார்த்தால் அது மலை ஏறி உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிறது.

போர்டு ஜீப்பில் வந்த ஆள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பிரித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதற்காகப் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. தம்பி, நான் நின்றது வாத்தியார் நிறுத்தி அல்ல, அய்யன் நிறுத்தி. நீ எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனாய், சந்தோஷம். அந்த எஸ்.எஸ்.எல்.சி.க்கு அடியில் போட்ட கூட்டல் கழித்தல் எல்லாம் மாட்டுத் தொட்டிச் சுவரில் கரிக்கட்டியால் யார் சொல்லிக் கொடுத்தது என்பதை உன் ஆபீசில் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய். நானும் சொல்ல மாட்டேன்.

"ஐம்பத்தாறு வயதில், பேரன் பேத்தி எடுத்த பொம்பளை, சிவப்புக் கொடி கட்டின சைக்கிளில் கோஷம் போட்டுக்கொண்டு போய், சம்பந்தி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாளாமே, இது கேட்டு என் தலை பூமிக்குள் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சைக்கிள் வீட்டை விட்டுப் போனால்தான் நீ கல்யாணத்துக்கு வருவாய், இல்லாவிட்டால் வள்ளியின் நெற்றியில் பட்டம் கட்ட வேறு மாமனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறாய். வேறு மாமனுக்கு நான் எங்கே போவேன்? நம் அம்மா பெற்றது நம் இரண்டு பேரைத்தான். தாய்மாமன் கையால் கட்டினால்தான் பட்டம், வேறு யார் கட்டினாலும் அது பட்டம் ஆகாது, நெற்றியில் ஒட்டின தகடு.

ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போர்டு ஜீப்பில் மலை ஏறிப் போய் இதை உன்னிடம் சொன்னது செங்கோட்டையன்தான் என்று எனக்குத் தெரியும். உன் கீழே வேலை பார்க்கிறவன், சித்தூரில் மாமனார் வீட்டுக்கு வந்து, இங்கே சமரம் என்கிறார்களே அந்த பஸ் ஸ்டிரைக்கில் மாட்டிக்கொண்டு, பொழுது போகாமல் திண்டாடிக்கொண்டிருந்தவன். அவன் சொன்னதில் பாதி பொய். கொடி உண்மை. சுற்றினது உண்மை. கோஷம் நான் போடவே இல்லை, என் பின்னால் வந்தவர்கள் போட்டார்கள்.

சங்கதி என்னவென்றால், கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தது, அதற்கு அடுத்த வாரமே பஸ் சமரம் வந்தது. டீசல் கிடைக்கவில்லை என்று முதலாளிமாரும், படி போதவில்லை என்று டிரைவர்மாரும் சேர்ந்து பஸ்ஸையெல்லாம் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். நம் பெரியவன் கோயமுத்தூர் மில்லில், அவனால் வர முடியவில்லை. வண்டி மாட்டில் ஒன்றுக்குக் கழுத்துப் புண். உன் மச்சான் சொன்னார், "சைக்கிள் இருக்குது, நான் போயி வெத்தலை வெச்சுக் கூப்பிட்டுட்டு வந்தர்றேன்" என்று. பையில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், பத்திரிகை எல்லாம் வைத்துக் கொடுத்தேன். வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் போனவர், எதிரே நம் ஊர்க் குப்பண்ணன் வருவதைப் பார்த்திருக்கிறார். உன் மச்சானுடைய மரியாதை உனக்குத் தெரியும். ஒற்றைக் கையால் கும்பிட்டால் குப்பண்ணன் மனசு வருத்தப்படும் என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருக்கிறார். சைக்கிள் கரையில் நின்றுவிட்டது, அவர் வாய்க்காலுக்குப் போய்விட்டார். தண்ணீருக்குள் உட்கார்ந்தும் கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்ததாம். குப்பண்ணன்தான், "ஏனுங்க பொங்கியண்ணா, கும்பிட்டது போதுமுங்க, எந்திரிச்சு வாங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். பாதம் பனங்காய் மாதிரி வீங்கிப் போய், வைத்தியர் முட்டை வெள்ளை வைத்துக் கட்டி, தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இனி நான்தானே போக வேண்டும்? அதுவும் கொல்லங்கோட்டுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் பெண்ணைப் பெற்றவள் நேரில் போய்க் குங்குமம் வைத்துச் சொல்லாமல் எப்படி? அன்று சாயங்காலம் வாசலில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் மச்சான் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார்.

"என்ன மயிலா, அதையே மொறச்சுப் பாக்கறே?"

"ஓட்டலாமான்னு பாக்கறனுங்க."

"உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? கட்டிக்கிட்டு வந்து இத்தன வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீங்க கேக்கலீங்களே."

கட்டுப் போட்ட தன் காலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, "உளுந்தா என்னைய மாதிரி ஓரமா உளுவு, நடு வாய்க்கால்ல உளுவாதே" என்று மட்டும் சொன்னார். இதுதான் தம்பி உன் மச்சான். இப்படிப்பட்டவர் அனுமதி கொடுத்த வீட்டைத்தான் நீ "கேட்பாரில்லாத குடும்பம்" என்று எழுதியிருக்கிறாய்.

எனக்குச் சைக்கிள் தெரியும் என்பது இந்த உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் உன் கோபம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அம்மாவைப் பெற்ற அம்மாயி ஊரில் நோம்பித் திருவிழாவுக்கு நாம் இரண்டு பேரும் அய்யனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போவோமே, மறந்துவிட்டாயா? அப்போது இந்த வாய்க்கால் ஏது, ஆற்றோரத் தடம்தான். அய்யனும் அம்மாவும் வண்டியில் முன்னால் போய்விடுவார்கள். "பையன் ஓட்டட்டும், புள்ளை பின்னால உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வண்டி பனங்காட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் நீ பிடித்திருப்பாய். மறைந்ததும், "அக்கா, நீயே ஓட்டக்கா, எனக்குக் கால் நடுங்குது" என்பாய். நான் பாவாடையை வாரிச் சொருகிக்கொண்டு, கம்பிக்கு நடுவே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவேன். நீ கேரியரில் ஏறிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் சடையைக் கடிவாளம் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வாய். பள்ளம் வந்தால் ஒரு இழு, மேடு வந்தால் ஒரு இழு. அம்மாயி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் தலை நார் பிய்ந்த தேங்காய் மாதிரி ஆகிவிடும். ஊர் எல்லைக்கு வந்ததும் இறங்கி நீ ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொள்வாய், நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அம்மாயி ஓடிவந்து, "என்ற சிங்கக்குட்டி அக்காளை இத்தன தூரம் வெச்சு மிதிச்சுட்டு வந்துச்சே" என்று உனக்கு மட்டும் ஒரு வெல்லக் கச்சாயம் அதிகமாகக் கொடுப்பாள். நான் ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா? அந்தக் கச்சாயத்தில் பாதி நீ எனக்குக் கொடுத்தாய் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நான் பெரிய மனுஷி ஆனேன். புள்ளை இனிக் கேரியரிலும் ஏறக் கூடாது என்று அய்யன் சைக்கிளை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். விடிவதற்கு முன்னால் கோழி கூப்பிடும் நேரத்தில் எடுத்தேன். அந்த வயதில் கம்பிக்குள்ளே நுழைந்த உடம்பு இப்போது நுழையவில்லை, மறைப்பானேன். ஆகவே மதகுக் கல் மேல் ஏறி நின்று, கொசுவத்தை வாரிச் சொருகி, காலைக் கம்பிக்கு மேலாகப் போட்டு உட்கார்ந்து, கல்லை ஒரு உதை விட்டேன். போயிற்று தம்பி! இத்தனை வருஷம் விட்டத்தில் தொங்கினது அய்யன் சைக்கிள்தான், நான் இல்லை. ஆனால் ஒரே ஒரு சங்கடம், ஏறுவதற்குக் கல் வேண்டும் என்றால் இறங்குவதற்கும் கல் வேண்டும். கால் தரைக்கு எட்டாது. கல் இல்லாத இடத்தில் என்னால் நிற்க முடியாது. நீ கேள்விப்பட்ட எல்லா வம்புக்கும் இதுதான் மூலம்.

வழியை மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். பஸ் இல்லை, லாரி இல்லை, ஹாரன் இல்லை. வாய்க்கால் கரை முழுவதும் எனக்கே எழுதி வைத்த மாதிரி. சங்கிலி ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. பனைமரத்தில் கரிச்சான் கத்தினது கேட்டது. ஆற்றில் துணி துவைக்கிற சத்தம் அக்கரையில் பட்டுத் திரும்பி வந்தது கேட்டது. தெற்கே தென்மலை, நாம் பார்த்த அதே நீலத்தில், பக்கத்தில் வர வர மரம் மரமாகப் பிரிந்துகொண்டு நின்றது. நம் சின்ன வயசில் ரோடு இப்படித்தான் இருந்தது. நடுவில் யாரோ வந்து அதன் மேல் பஸ்ஸை விட்டுவிட்டார்கள், இப்போது எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. சின்ன வயசில் நாம் திரும்பின அந்தப் புளியமர வளைவு வந்தபோது, பின்னாலிருந்து யாரோ சடையை இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்ததால்தான் எருமைக் கூட்டத்துக்குள் போய்விட்டேன். எருமைகள் நல்ல மாதிரி, வழிவிட்டன. மேய்த்தவர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். நம் பழக்கம்தான் தெரியுமே, கல்யாண வீட்டுக்காரி எதிரே வந்த முகத்துக்குச் சொல்லாமல் போகலாமா? எருமை முதுகில் கையை ஊன்றிக்கொண்டு அவருக்கும் வெற்றிலை கொடுத்துக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டேன்.

சித்தூரில் பெரியம்மா வீட்டுக் களத்தில் ஒரு கல்லைக் காணோம். சுத்தமான ஜனங்கள், பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். நான் களத்தைச் சுற்றிக்கொண்டே, "பெரீம்மா! வைகாசியில நம்ம வள்ளிக்குக் கல்யாணமுங்க! குடும்பத்தோட வந்தருங்க!" என்று சொன்னேன். பெரியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் கூடவே சுற்றினாள்.

"மயிலாளா அது? நின்னு சொல்லு கண்ணு!"

"நிக்க முடியாதுங்க! கல்லு எங்கீங்க இருக்குது?"

"கல்லா? யாரையடி அடிக்கப் போறே?"

கடைசியில் ஆட்டுக்கல்லைக் காட்டினாள். இறங்கி, குங்குமம் வைத்து, காலில் விழுந்து எழுந்தேன். "உங்கம்மா மாதிரியே பிடிவாதம்" என்றாள். எனக்கு அது போதும்.

அதற்கப்புறம்தான் கொடி. சித்தூர் முக்கில் சமரக்காரர்கள் ரோட்டில் வரிசையாகக் கல் போட்டு வைத்திருந்தார்கள், பஸ்ஸை மறிக்க. முன்னால் நின்ற பையன், மீசை இப்போதுதான் முளைக்கிறது, கையை நீட்டி, "அம்மே, நிக்கணும்! இன்னைக்கு வண்டி ஒண்ணும் விடமாட்டோம், சமரமாணு!" என்றான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி. எத்தனை கல்! நல்ல உயரத்துக் கல்லாகப் பார்த்து இறங்கி, அவன் தலையில் கையை வைத்து, "நல்லா இருப்பே கண்ணு, இந்த ரோட்ல நீ ஒருத்தன்தான் கல்லு போட்டு வெச்சிருக்கறே" என்றேன். மறிக்கப் போட்ட கல்லுக்கு வாழ்த்து வாங்கினது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. சோடா கொடுத்தார்கள். நான் வெற்றிலை கொடுத்தேன். சைக்கிள் வண்டியா இல்லையா, விடலாமா விடக்கூடாதா என்று அவர்களுக்குள்ளே பெரிய விவாதம் நடந்தது. ஒருவன் விடக்கூடாது என்றான், இன்னொருவன் பெட்ரோல் குடிக்காததெல்லாம் நம் பக்கம் என்றான். கடைசியில் ஹாண்டில்பாரில் கொடியைக் கட்டி, ஊர் எல்லை வரைக்கும் கோஷம் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து அனுப்பி வைத்தார்கள். இதை மாமனார் வீட்டு மாடியிலிருந்து பார்த்தவன் செங்கோட்டையன். கீழே இறங்கி வந்து ஒரு கல்லைப் போட்டிருந்தால் அவனுக்கும் வெற்றிலை கொடுத்திருப்பேன்.

சம்பந்தி வீட்டில் என்ன நடந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு வாயில் கேட்டால் கை கால் முளைத்து வரும். மாந்தோப்பு வழியாக இறக்கத்தில் வந்த வேகம், நேரே அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டது. மாப்பிள்ளையின் அப்பா கொடியை மட்டும் பார்த்திருக்கிறார், கூலி கேட்டுக் கூட்டம் வருகிறது என்று நினைத்து உள்ளே ஓடி நெல்லுப் பத்தாயத்தைப் பூட்டினார். சம்பந்தியம்மாள் கமலாத்தாள் மட்டும் வெளியே வந்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, எறங்கி வாங்க!"

"வாறனுங்க! வைக்கப்போரு எந்தப் பக்கமுங்க?"

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், அங்கே மாட்டைக் கட்டியிருந்ததால் மறுபடி முன்பக்கம் வந்து, இன்னொரு சுற்று போய்த்தான் வைக்கோல் போரைக் கண்டுபிடித்தேன். அதில் போய் மெத்தென்று சாய்ந்தேன். தலையெல்லாம் வைக்கோல், நெற்றிக் குங்குமம் மூக்குக்கு வந்துவிட்டது. அந்தக் கோலத்தில் எழுந்து நின்று, பையைத் திறந்து, முறைப்படி வெற்றிலையைத் தட்டில் வைத்து நீட்டினேன். அந்த அம்மாள் தட்டுக்குக் கையை நீட்டவில்லை. என் கூத்தால் வள்ளி கல்யாணம் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக, "சம்பந்தி, அந்த மணிய நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமுங்களா?" என்றாள். அடித்தாள். மறுபடியும் அடித்தாள். பத்தாயத்துச் சாவியோடு எட்டிப் பார்த்த வீட்டுக்காரரை, "போங்க, போயி எளனி வெட்டுங்க" என்று விரட்டினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள். "சைக்கிள்ல வந்தா என்னுங்க, பறந்து வந்தா என்னுங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும். பட்டம் கட்டப் பொண்ணோட மாமன் வந்தரோணும். எங்க பெரியவன் கல்யாணத்துல அந்தப் பொண்ணு மாமன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயி, அந்தப் பேச்சு இன்னும் ஊருக்குள்ள ஓயலீங்க. இன்னொருக்கா அதத் தாங்க முடியாதுங்க." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ற தம்பியா? போர்டு ஓவர்சியருங்க. மலையே சரிஞ்சாலும் வந்துருவானுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ரசத்துக்கு இரண்டு ரசமாக வாங்கிச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்தேன். நீ வரமாட்டேன் என்று எழுதின கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

அதை வள்ளியைவிட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் எனக்கும் கோபம்தான். இன்னொரு தடவை படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. உன் கடிதத்தில் எல்லா வரியும் சத்தம் போடுகிறது. ஒரு வரி மட்டும் சத்தம் போடவில்லை. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, "கல்யாணப் பத்திரிகை தபாலில் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான்.

தம்பி, எனக்கு அப்போதுதான் உறைத்தது. குலதெய்வத்துக்கு முதல் வெற்றிலை, தாய்மாமனுக்கு இரண்டாவது வெற்றிலை. அப்புறம்தான் உலகம். எருமை மேய்க்கிறவருக்கு வெற்றிலை கிடைத்தது. மீசை முளைத்தும் முளைக்காத சமரக்காரனுக்குக் கிடைத்தது. என் கூடப் பிறந்தவனுக்கு மட்டும் ஸ்டாம்பு ஒட்டின கவர். பத்திரிகை வந்த அன்றே ஒன்றை உனக்குத் தபாலில் போட்டது தேதி தெரியட்டும், லீவு சொல்லட்டும் என்றுதான். பின்னாலேயே உன் மச்சானும் நானும் பஸ் ஏறி வந்து, உன் வாசலில் நின்று கூப்பிடுவதாகத்தான் இருந்தது. அதற்குள் பஸ் நின்றது, அவர் வாய்க்காலில் கும்பிட்டார், எல்லாம் தலைகீழாகப் போயிற்று. உன் கோபம் சைக்கிள் மேல் இல்லை. சைக்கிள் உனக்குப் பழைய சிநேகிதம். அது எல்லோர் வாசலுக்கும் போயிற்று, உன் வாசலுக்கு வரவில்லை. அதுதான்.

ஆனாலும் நீ கேட்டது சைக்கிளை. ஆகையால் எலப்புள்ளி பொங்கியண்ணன் சம்சாரம் மயிலாத்தாள் ஆகிய நான், என் சுயபுத்தியோடு எழுதிக்கொடுப்பது என்னவென்றால், இன்று முதல் அந்தச் சைக்கிளை நான் தொட மாட்டேன். மதகுக் கல்லையும் தொட மாட்டேன். குப்பண்ணன் கேட்டிருக்கிறார், நாளைக்கே கொடுத்துவிடுகிறோம். நேரில் வந்து கூப்பிட வேண்டியவள் இப்படிக் காகிதத்தில் கூப்பிடுகிறேன், பொறுத்துக்கொள். பஸ் ஓடாமல் அந்த மலைக்கு நான் எப்படி வருவேன், இறக்கையா இருக்கிறது? இந்தக் கடிதத்தையே வெற்றிலையாக எடுத்துக்கொண்டு வந்து சேர். வள்ளி தினமும், "மாமன் வருமாம்மா?" என்று கேட்கிறாள். வரும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

உன் வீட்டில் விளக்கு அணையாமல், உன் ரத்தக் கொதிப்பு சமவெளிக்கு இறங்கி வந்து, சுருளியம்மாளுக்கு முட்டி வலி நீங்கி, உன் பிள்ளைகள் உன்னைப் போல் படித்து என்னைப் போல் தைரியமாக இருக்க மாகாளியம்மன் கிருபை செய்வாள். உன் மச்சான் கட்டிலில் இருந்தபடியே உனக்குக் கும்பிடு சொல்லச் சொன்னார். இரண்டு கையாலும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அக்கா
மயிலாத்தாள்

பி.கு.: மேலே எழுதிக்கொடுத்தது எலப்புள்ளி எல்லைக்குள் மட்டும் செல்லும் என்று படித்துக்கொள்ளவும்.

இதைத் தபாலில் போடத்தான் போனேன். மலைக்குப் போகிற தபால் பை பஸ்ஸில்தான் போக வேண்டும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார் போஸ்ட்மாஸ்டர். திரும்பி வரும் வழியில் அரிசிக்கடை குஞ்சு முகம்மதுவின் சம்சாரம் பீவியைப் பார்த்தேன். சூரியநெல்லிக்கு அவர்கள் அரிசி லாரி போகிறதாம், அங்கே கட்டிக்கொடுத்த மகள் மும்தாஜைப் பார்க்கப் பீவியும் போகிறாளாம். "நீங்களும் ஏறுங்கக்கா, எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றாள். குப்பண்ணனுக்குக் கொடுக்கத் துடைத்து வைத்திருந்த சைக்கிளை உன் மச்சானே ஆள் விட்டு லாரி மேல் ஏற்றினார். போடி மெட்டில் சமரக்காரர்கள் லாரியை நிறுத்தினார்கள். மூட்டை மேலே சைக்கிளையும் அதில் நான் அவிழ்க்க மறந்த கொடியையும் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். லாரியில் கூடவே வந்த குஞ்சு முகம்மது அந்தக் கொடியை லாரிக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சூரியநெல்லியில் மும்தாஜ் வீட்டில் டீ குடித்துவிட்டு அங்கிருந்து நானே புறப்பட்டேன். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் ஏறிக்கொண்டும் வந்தேன். தம்பி, ஏறவும் இறங்கவும் கல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் உன் ஊர்! இத்தனை வருஷமாக இதை ஏன் எனக்கு எழுதவில்லை? கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இருதயம்மாள் என்று ஒருத்தி, "ஏ ஆத்தா, இந்த வயசுல என்னா போக்குப் போறே! பிரேக் இருக்கா இல்லியா?" என்று கத்தினாள். "இருக்குது, பிடிக்கத்தான் மனசு வரலே!" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூணாறிலிருந்து உன் ஊர் வரைக்கும் ஆறு கூடவே வந்தது. ஒரு வண்டி குறுக்கே வரவில்லை. சின்ன வயசில் நாம் மலையடிவாரத்தோடு திரும்பிவிட்டோம். மேலே இவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியாமல் போயிற்று.

இப்போது உன் குவார்ட்டர்ஸுக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடைக்காரரிடம் கொடுத்து மேலே அனுப்புகிறேன். கூப்பிட வந்தவள் கீழே நிற்கும்போது மாமன்தான் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் முறை, நான் இரண்டாவது தடவை முறை தப்ப மாட்டேன். வெற்றிலை வாடவில்லை, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன்.

மேலே போகிற வழி ஏற்றம், நீதான் தள்ள வேண்டும். வெற்றிலை வாங்கிக்கொண்ட பிறகு, உனக்கு மனசிருந்தால், ஆற்றோரமாக ஒரு இறக்கம் போய்விட்டு வரலாம். யாரும் பார்க்க மாட்டார்கள், செங்கோட்டையன் டூட்டியில் இருக்கிறான் என்று விசாரித்துவிட்டேன். கேரியர் காலியாகத்தான் இருக்கிறது. பிடித்துக்கொள்ள இப்போது சடை இல்லை, கொண்டைதான். கொஞ்சம் மெதுவாகப் பிடி.